மணவிழா மேடையில் வாழ்த்துரை

சில ஆண்டுகளுக்கு முன் நம் நகரின் மண்டபம் ஒன்றில் நடைபெற்ற திருமண வரவேற்பிற்குச் சென்றிருந்தோம். மணமகள் நம்மவர் வீட்டுப் பெண். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் காலூன்றிய குடும்பம் அது. மணமகன் மலையாள வீட்டுப் பிள்ளை. இரு வீட்டாரும் மனமொத்து முடித்த திருமணம்.

பெண்ணின் தந்தையார் அவள் பள்ளியிற் படிக்கும்போதே காலமாகிவிட்டார். மேடையேறிய உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் பேசத் தொடங்கினார். தந்தையில்லாக் குறை தெரியாமல் அவளை வளர்த்த அருமையைச் சொன்னார். படிக்க வைத்த செலவைச் சொன்னார். முன்னே வந்து தட்டிப்போன வரன்களையும் சொன்னார். முடிவில், எத்தனை பவுன் போட்டு அனுப்புகிறோம் என்ற கணக்கையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மணமகன் வீட்டாரில் பாதிப் பேருக்குச் சொற்கள் விளங்கவில்லை. எண் மட்டும் விளங்கிற்று. மணமகள் தலை நிமிரவேயில்லை.

அடுத்து, மணமகளின் தாய்வழிப் பாட்டியாரை யாரோ கைப்பிடித்து மேடையேற்றினர். ஒலிபெருக்கியைக் கண்டு மூதாட்டி சற்றே தயங்கினார். பிறகு அதை விட்டு விலகி, மணமகனின் கையைப் பற்றிக்கொண்டு, "மக்களே, இவளுக்குக் கோபம் வந்தால் சாப்பிட மாட்டாள். நீ கூப்பிட்டால் வருவாள். கூப்பிட்டுவிடு" என்றார். அவ்வளவுதான். 'மக்களே' என்று ஒருவரையே அன்போடு விளிப்பது இந்தத் தென்திருவிதாங்கூர் வட்டாரத்தில் தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் பொதுவான வழக்கு. மொழிபெயர்ப்பு வேண்டாமலே மண்டபம் முழுவதும் அதைப் புரிந்துகொண்டது. மணமகள் முதன்முறையாகச் சிரித்தாள்.

இவ்விரண்டு உரைகளும் ஒரே அன்பிலிருந்து பிறந்தவையே. ஒன்று புண்படுத்திற்று, மற்றொன்று மருந்தாயிற்று. மணவிழாவில் வாழ்த்துரை வழங்குவதற்கும் ஒரு முறை உண்டு என்பதை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அன்றே கருதினோம். அவ்வெண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

பண்டை நாளில் ஒரு வாக்கியம்

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ்த் திருமணக் காட்சிகளுள் ஒன்று அகநானூற்றின் 86-ஆம் பாடலில் இருக்கிறது. பாடியவர் நல்லாவூர் கிழார். உளுந்து சேர்த்துக் குழையச் சமைத்த உணவு, பந்தல், புதிதாய்ப் பரப்பிய மணல், விளக்கு, மாலை, நல்ல நாள் கூடிய விடியற்காலை. முதிய பெண்டிர் குடத்தில் நீர் சுமந்து வருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். பூவும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டி நிற்க, 'நெறி தவறாது, நலம் பல தந்து, உன்னைப் பெற்றவன் விரும்பும் துணையாக ஆவாயாக' என்னும் பொருள்பட வாழ்த்துகின்றனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வாழ்த்து ஒரே வாக்கியம். இரண்டாவது, அது நேரே மணமகளை நோக்கிச் சொல்லப்பட்டது, கூட்டத்தை நோக்கியன்று. மூன்றாவது, வாழ்த்தியவர்கள் பெண்கள், வாழ்ந்து பார்த்தவர்கள். இன்று நம் மேடைகளில் வரிசையாக அமர்ந்திருப்போரைப் பாருங்கள். பெரும்பாலும் ஆடவரே இருப்பர். வாழ்ந்து பார்த்த மூதாட்டியர் பந்தி மேற்பார்வையில் இருப்பர்.

மேடை வந்த வரலாறு

திருமணத்தில் நெடிய சொற்பொழிவு நிகழ்த்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சுயமரியாதை இயக்கத்தின் வழியே பரவியது எனலாம். அவ்வியக்க முறைப்படி நடந்த முதல் திருமணம் 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் நிகழ்ந்ததாகக் குறிக்கப்பெறுகிறது. புரோகிதரும் மந்திரமும் இல்லாத அத்திருமணங்களில் தலைவர் ஒருவர் முன்னின்று பேசுவார். மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர். அங்கே சொற்பொழிவு நீண்டதற்குக் காரணம் இருந்தது. பொதுக்கூட்டத்திற்கு வராத பெண்களும் முதியோரும் திருமணத்திற்கு வந்தனர். பெண்ணுரிமை, சாதியொழிப்பு, சிக்கனம் ஆகியவற்றை அவர்கள் காதில் விழச் சொல்ல அதைவிட நல்ல இடம் வேறில்லை. கேட்க வந்தவர்களும் பேச்சைக் கேட்பதற்கென்றே வந்தனர்.

அக்காரணம் இல்லாத வீடுகளிலும் பேச்சின் நீளம் மட்டும் தங்கிவிட்டது. வைதிக முறைப்படி காலையில் தாலி கட்டி, மாலையில் வரவேற்பு வைக்கும் இல்லங்களிலும் தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை எனப் பட்டியல் நீள்கிறது. கொள்கை விளக்கம் இருந்த இடத்தில் இன்று பேசுவோரின் பெருமை வந்து அமர்ந்திருக்கிறது.

சட்டமோ சுருக்கத்தையே விரும்புகிறது. சுயமரியாதைத் திருமணம் செல்லுமா என்ற ஐயம் நீதிமன்றம் வரை சென்றது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்று, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில், ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும், பதிவு அலுவலர் முன்பும் மூன்று சாட்சிகள் முன்பும் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் அதே போன்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவேண்டும் என்கிறது.

இவ்விடத்தில் நம் குடும்பங்கள் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 7-அ பிரிவு தமிழ்நாட்டிற்கு உரியது. கேரளத்தில் அது நடைமுறையில் இல்லை. ஆகவே திருவனந்தபுரத்தில் சுயமரியாதை முறையில் மணவிழா நடத்த விரும்புவோர், மேடையிற் கூறும் உறுதிமொழியோடு நின்றுவிடாது, சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் திருமணத்தை முடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

சங்கப் பாடலின் மகளிரும் இன்றைய சட்டமும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர். திருமணத்தை ஆக்கும் சொல் ஒரு வாக்கியமே. அது கேட்போர்க்குப் புரிய வேண்டும். அந்த ஒரு வாக்கியத்திற்குத் துணை நிற்பதே வாழ்த்துரையின் வேலை. அதனை மூடி மறைப்பதன்று.

நம் நகரின் நிலை

திருவனந்தபுரத்தில் தமிழர் ஒரே காலத்தில் வந்தவரல்லர். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் உண்டு. சாலையில் வணிகம் செய்ய வந்தோர் உண்டு. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றொரு மாநிலத்திலுமாக நின்றோர் உண்டு. தும்பை ஏவுதளத்திற்கும் பின்னர் டெக்னோபார்க்கிற்கும் பணிபுரிய வந்தோரும் உண்டு. எனவே நம் மணவிழாக் கூட்டம் ஒரு தன்மையதன்று. நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்த உறவினர் ஒருபுறம். அலுவலகத்து மலையாள நண்பர் ஒருபுறம். மலையாளத்திலேயே படித்த நம் பிள்ளைகள் ஒருபுறம். மணமக்களில் ஒருவர் மலையாள வீட்டினராக இருப்பதும் இன்று புதுமையன்று.

மலையாள இல்லங்களின் மணவிழாவிலோ பெரும்பாலும் சொற்பொழிவே இல்லை. நிலவிளக்கு எரிகிறது, நெல் நிறைத்த பறையில் தென்னம்பூக்குலை நிற்கிறது, தாலி கட்டிப் புடவை கொடுப்பதோடு சடங்கு முடிகிறது. நம் நகரத்துச் செம்பழந்தியில் பிறந்தவரும், தமிழிலும் பாடல் இயற்றியவருமான ஸ்ரீ நாராயண குரு, தாலிகெட்டுக் கல்யாணம் முதலிய வீண் சடங்குகளைக் கண்டித்ததோடு, திருமணத்திற்குப் பத்துப் பேர் கூடினால் போதும் என்றும் அறிவுரை கூறினார். இன்று அப்படிப் பத்துப் பேரோடு எவரும் நிறுத்துவதில்லை. ஆயினும் தாலி கட்டியதும் கூட்டம் பந்திக் கதவை நோக்கித் திரும்புவது இவ்வூர் வழக்கம். பால்பாயசத்தில் போளியைப் பிசைந்துண்ணும் திருவனந்தபுரத்துச் சத்யைக்குக் காத்திருப்பவரை நெடிய உரையால் தடுப்பது அறமன்று.

கிறித்தவ இல்லங்களில் குருவின் அருளுரையும், இசுலாமிய இல்லங்களில் நிக்காஹ் குத்பாவும் சடங்கின் பகுதியாகவே அமைந்துள்ளன. அவற்றிற்கு அளவும் முறையும் முன்னரே உண்டு. நாம் பேசுவது வரவேற்பு மேடையில் உறவினரும் நண்பரும் வழங்கும் உரையைப் பற்றியே.

ஒரு சொல், இரு பொருள்

இருமொழிக் கூட்டத்தில் பேசுவோர்க்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழும் மலையாளமும் உடன்பிறந்தவை. ஆதலாலேயே ஏமாற்றவும் செய்யும். மலையாளப் பெரியவர் ஒருவர் 'ஈ அவசரத்தில்' என்று தொடங்கினால், 'இந்த நல்ல வேளையில்' என்பது பொருள். நம்மூரிலிருந்து புதிதாய் வந்தவர், 'ஏன் அவசரப்படுகிறார்?' என்று விழிப்பார். அவர் 'சம்சாரிக்கிறேன்' என்றால் பேசுகிறேன் என்பதே. நமக்கோ சம்சாரம் மனைவி. நாம் நம் ஊர்ப் பெருமை பேசும்போது 'எங்கள் பட்டியிலிருந்து பத்துப் பேர் வந்திருக்கிறோம்' என்றால், மலையாளிகள் வாய்க்குள் சிரிப்பர். அவர்களுக்குப் பட்டி என்பது நாய்.

இவை சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. மரியாதைச் சொல்லில் நேரும் பிழை அவ்வாறன்று. தமிழில் 'நீங்கள்' என்பது முழு மதிப்புத் தரும் சொல். அதையே 'நிங்ஙள்' என்று மாற்றிச் சம்பந்தி வீட்டு முதியவரை நோக்கிச் சொன்னால், இப்பகுதியில் அது மரியாதைக் குறைவாகத் தோன்றக்கூடும். அங்கே அச்சன், அம்மாவன், சேட்டன், சேச்சி என்று முறை சொல்லி அழைப்பதே மதிப்பு. மலையாளம் நன்கு வராதவர், தாம் அறிந்த தமிழிலேயே மெல்லத் தெளிவாகப் பேசி, ஒரு வாழ்த்தை மட்டும் மலையாளத்தில் கூறுவது சிறப்பு. அந்த ஒரு வாக்கியத்தை முன்னரே ஒருவரிடம் சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்க. மலையாள வீட்டார் தமிழில் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் சிரிக்காதிருக்க நம் இளைஞர்க்கும் சொல்லி வைக்க வேண்டும்.

அழைப்போர் கடமை

பேச்சு நீள்வதற்குப் பேசுவோரை மட்டும் குறை கூறல் நேர்மையன்று. மேடையிற் கண்டவரையெல்லாம் 'இரண்டு வார்த்தை பேசுங்கள்' என்று இழுப்பது விழா நடத்துவோர் தவறு. ஆயத்தமில்லாதவரே நெடுநேரம் பேசுவர். முடிவு எங்கே என்று தெரியாமல் தேடிக்கொண்டிருப்பர்.

எனவே ஒரு வாரத்திற்கு முன்பே, யார் பேசுவது, எத்தனை நிமிடம் என்று முடிவு செய்து சொல்லிவிடுக. மணமகன் பக்கம் இருவர், மணமகள் பக்கம் இருவர். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவராவது பெண்ணாக இருத்தல் நலம். ஆளுக்கு மூன்று நிமிடம். நால்வர்க்கும் பன்னிரண்டு நிமிடம். பத்துப் பேரைப் பத்து நிமிடம் வீதம் பேசவிட்டால் நூறு நிமிடம் ஆகும். அதற்குள் தம்பானூரில் நாகர்கோவில் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் உண்ணாமலே எழுந்துவிடுவர். மணமக்கள் சிரித்துச் சிரித்து முகம் வாடிவிடுவர்.

மணமக்கள் விரும்பினால் அவர்களும் பேசட்டும். நன்றி கூறும் பொறுப்பு மணமகனுக்கே உரியது என்ற எண்ணம் தேவையில்லை, மணமகளும் பேசலாம். விரும்பாதவரை வற்புறுத்தலும் வேண்டா.

பேசுவோர் கடமை

முதலாவது, விளி. 'பெருமதிப்பிற்குரிய' என்று தொடங்கிப் பதினைந்து பேர் பெயரையும் பதவியையும் அடுக்குவது கூட்டத்தைச் சோர்வுறச் செய்யும். அவற்றுள் ஒரு பெயர் விடுபட்டால் ஆண்டுக்கணக்கில் பகையும் விளையும். 'மணமக்களே, இரு வீட்டுப் பெரியோர்களே' என்றால் அனைவரும் அடங்குவர். ஆனால் மணமக்களின் பெயர்களையும், புதிய சம்பந்திகளின் பெயர்களையும் சரியாக ஒலிக்கத் தெரிந்துகொண்டு மேடையேறுக.

இரண்டாவது, தாம் யார் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுக. தம் பணி, பதவி, பயணம் பற்றிய வரலாறு வேண்டா.

மூன்றாவது, மணமக்களைப் பற்றித் தாம் நேரிற் கண்ட ஒரு நற்செயலைச் சொல்லுக. 'நல்ல பிள்ளை, குணவதி' என்னும் பொதுச் சொற்களை எவரும் எவருக்கும் சொல்லலாம். தாம் கண்ட சிறு நிகழ்ச்சி ஒன்று புதிய உறவினர்க்கு அப்பிள்ளையை அறிமுகப்படுத்திவிடும். வாழ்த்துரையால் விளையும் மெய்யான பயன் அதுவே. பிறந்த வீட்டார் அறிந்ததைப் புகுந்த வீட்டாருக்கு அன்போடு கையளிப்பது அது.

நான்காவது, சொல்லத்தகாதவற்றை முன்னரே நெஞ்சில் குறித்துக்கொள்க. பவுன், பணம், செலவு பற்றிய பேச்சு கூடாது. வரதட்சணை கொடுப்பதும் கேட்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாக இருக்க, அதை மேடையில் பெருமையாகக் கூறுவோர் தம்மையே காட்டிக்கொடுக்கின்றனர். 'ஒரு காசும் கேட்கவில்லை' என்று சம்பந்தியைப் புகழ்வதும் வேண்டா. கேட்கக் கூடாததைக் கேளாதது புகழன்று. நிறம், வயது, திருமணம் தாமதித்த காரணம், முன்னர்த் தட்டிப்போன வரன்கள், அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் பேரக்குழந்தை ஆகிய இவை எதுவும் வேண்டா. மாமியார் மருமகள் நகைச்சுவை கேட்கச் சிரிப்பாக இருக்கும். அன்றிரவே அவ்விருவரும் ஒரே அடுக்களையில் நிற்க வேண்டும் என்பதை மறவற்க. முல்லைப் பெரியாறு அணை பற்றிய வாதத்தையும் மண்டபத்திற்கு வெளியே விட்டு வருக.

ஐந்தாவது, மறைந்தவர்களை நினைவுகூர்தல். தந்தையோ தாயோ இல்லாத மணமக்கள் எனில், ஒரே வாக்கியத்தில் நன்றியோடு நினைத்து, உடனே வாழ்த்திற்குத் திரும்புக. அழவைப்பது எளிது; அழுத பெண்ணை மீண்டும் மணமகளாக்குவது அரிது.

ஆறாவது, வாழ்த்துமடல். அச்சிட்டுக் கண்ணாடியிட்ட வாழ்த்துப்பாவை முழுவதும் படிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை மணமக்கள் கையிற் கொடுத்து, இறுதிச் செய்யுளை மட்டும் படித்தால் போதும். முன்னாளில் வரவேற்பு மேடையில் தந்திகளைப் படிப்பார்கள். சொல்லுக்குக் காசு என்பதால் தந்தி வாழ்த்துகள் தாமே சுருங்கின. 2013 சூலையில் தந்திப் பணி நின்றது. அது கற்பித்த சிக்கனம் நிற்க வேண்டியதில்லை.

பிழையின்றிச் சில சொற்களில் சொல்லத் தெரியாதவரே பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவர் என்று சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகிறார். அவர் காலத்தில் சொன்ன சொல் காற்றோடு போயிற்று. இன்றோ ஒவ்வொரு சொல்லும் கைப்பேசியில் பதிவாகி, வராத உறவினர்க்கும் அன்றிரவே சென்று சேர்கிறது. ஒரு தவறான சொல்லைத் திரும்பப் பெறும் வாய்ப்பு முன்னிலும் குறைந்துவிட்டது.

ஒரு மாதிரி உரை

பழக்கமில்லாதவர்க்கு உதவியாக, தாய்மாமன் ஒருவர் பேசக்கூடிய சிற்றுரை ஒன்றைத் தருகிறோம்.

"மணமக்களே, இரு வீட்டுப் பெரியோர்களே, வணக்கம். நான் மணமகளின் தாய்மாமன். பள்ளிவிட்டு வந்ததும், செருப்பைக் கழற்றுமுன்பே, அன்று நடந்ததையெல்லாம் என்னிடம் சொல்லி முடிப்பது இவள் வழக்கம். அதைக் கேட்கும் பேறு இன்று முதல் மாப்பிள்ளைக்கு உரியது. மாப்பிள்ளையின் பெற்றோர் எங்கள் வீட்டிற்கு வந்த முதல் நாளே அடுக்களை வரை வந்து அமர்ந்து பேசினார்கள். அன்றே எங்களுக்கு உறவாகிவிட்டார்கள். மணமக்கள் இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, நீடூழி நலமாக வாழ்க. எல்லா ஆசம்சகளும்."

இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்திற்குச் சற்றே மிகும். குறைவாயிற்றே என்று எவரும் வருந்தப் போவதில்லை.

தொடக்கத்திற் கூறிய அந்த மணமகனை அண்மையில் சாலையில் கண்டோம். இப்போது தமிழ் தடையின்றிப் பேசுகிறார். திருமண நாளின் பேச்சுகள் நினைவிருக்கின்றனவா என்று கேட்டோம். உறவினரின் நெடிய உரையில் எதுவும் நினைவில்லை என்றார். சற்றுப் பொறுத்து, அந்தப் பவுன் கணக்கை மட்டும் தம் உறவினர் இன்னும் மறக்கவில்லை என்றும் சொன்னார். பாட்டியார் இப்போது இல்லை. ஆனால் வீட்டில் பிணக்கு நேரும்போதெல்லாம், சோற்றைப் பரிமாறிவிட்டு மனைவியைக் கூப்பிடுவது தம் வழக்கம் என்றார்.

"வருவார்களா?" என்று கேட்டோம்.

"பாட்டி சொன்னது தப்பாகுமா?" என்றார்.

நம் இல்லங்களின் மணமேடைகளில் இத்தகைய சொற்கள் பெருகுக. மணமக்கள் வாழ்க.